கட்டில் எண்ணிக்கை மட்டும் போதுமா? 2021 மே மாதத்தில் நம் மருத்துவமனைகளில் எது இடறியது

#1 வைகைக்கரை

எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது. நூறு படுக்கை கூடும் என்கிறார்கள். அது பற்றி நடந்த கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் "இனி கொரோனா மாதிரி எது வந்தாலும் கவலை இல்லை" என்றே பேசினார்கள். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

2021 மே மாதம் ஒரு தன்னார்வக் குழுவில் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். அரசின் இணையதளத்தில் படுக்கை காலி என்று காட்டும். அந்த மருத்துவமனைக்குப் போன் போட்டால் "கட்டில் இருக்கு, ஆக்சிஜன் பாயின்ட் இல்லை" என்பார்கள். அடுத்த இடத்தில் "பாயின்ட் இருக்கு, பிரஷர் நிக்கல, புது கேஸ் எடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க". இன்னொரு இடத்தில் "எல்லாம் இருக்கு, பார்க்கத்தான் ஆள் இல்லை". மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த வாரம் முழுக்க இந்த மூன்று பதில்களையும் மாற்றி மாற்றிக் கேட்டேன்.

உள்ளே வேலை பார்த்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். ஒரு படுக்கை உண்மையிலேயே "தயார்" என்று சொல்ல என்னவெல்லாம் வேண்டும்? எது முதலில் தீர்ந்தது? கட்சி அரசியல் மட்டும் வேண்டாம். மே 7-ஆம் தேதிதான் ஆட்சி மாறியது, இரண்டு பக்கமும் பேச நிறைய இருக்கும். அதை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம்.

#2 மேனிஃபோல்டு

மருத்துவ வாயு பைப்லைன் வேலையில் இருக்கிறேன். ஆக்சிஜன் பற்றி நான் சொல்கிறேன்.

எல்லோரும் "ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது" என்றுதான் சொன்னார்கள். பல இடங்களில் தொட்டியில் ஆக்சிஜன் இருந்தது, படுக்கைக்குத்தான் போய்ச் சேரவில்லை. இந்த வித்தியாசம் புரிந்தால்தான் அடுத்த முறைக்கு ஏதாவது செய்ய முடியும்.

பெரிய மருத்துவமனைகளில் ஆக்சிஜன் திரவமாக, மைனஸ் 183 டிகிரியில், தொட்டியில் இருக்கும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயுவாகும். தொட்டிக்குப் பக்கத்தில் அலுமினியத் துடுப்புகளோடு உயரமாக ஒன்று நிற்குமே, அதுதான் வேப்பரைசர். வெளிக்காற்றின் சூட்டை வாங்கித் திரவத்தை வாயுவாக்கும். அதன் தகுதிக்கு மேல் இழுத்தால் துடுப்புகளில் பனிக்கட்டி ஏறிக்கொள்ளும். பனி ஏறினால் சூடு உள்ளே போகாது. தொட்டி நிறைய திரவம் இருக்கும், பைப்பில் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். 2021-இல் துடுப்புகள் மேல் ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்த ஊழியர்களை எனக்குத் தெரியும்.

இப்போது கணக்கு. சாதாரண நாளில் வார்டு நோயாளிக்கு நிமிடத்துக்கு இரண்டு, நான்கு லிட்டர் போகும். கோவிட் நோயாளிக்கு ரிசர்வாயர் பை வைத்த மாஸ்க் என்றால் 10 முதல் 15 லிட்டர். எச்எஃப்என்சி என்கிற அதிவேக மூக்குக்குழாய் கருவி என்றால் 60 லிட்டர் வரை. ஜம்போ சிலிண்டரில் இருப்பது 7,000 லிட்டர். எச்எஃப்என்சியில் இருக்கும் ஒரு ஆளுக்கு அது இரண்டு மணி நேரம்கூட வராது.

6,000 லிட்டர் திரவத் தொட்டி உள்ள மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 200 பேர், சராசரி 10 லிட்டர் என்றால் தொட்டி இரண்டு நாளைக்குள் காலி. சராசரி 20 ஆனால் ஒரு நாளைக்குள் காலி. டேங்கர் இரண்டு நாளுக்கு ஒரு முறை வந்த இடத்தில் தினமும் வர வேண்டும். அந்த டேங்கர் எங்கே இருக்கிறது? நாடு முழுக்க அதே வாரம் எல்லோருக்கும் அதே டேங்கர் வேண்டும்.

கடைசியாகப் பைப். மருத்துவமனை கட்டும்போது எல்லாப் படுக்கையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுக்கும் என்று யாரும் பைப் அளவு போடுவதில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் நூலாக வரும் அல்லவா, அதுதான் நடந்தது. லைனின் கடைக்கோடியில் இருந்த வார்டுதான் முதலில் பாதிக்கப்பட்டது. அங்கே புதிதாக பாயின்ட் போட்டால், போட்ட பாயின்ட் எண்ணிக்கை கூடும், ஒவ்வொன்றிலும் வருவது குறையும்.

அதனால் புதுக் கட்டடத்தில் எத்தனை படுக்கை என்று கேட்பதைவிட, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தொடர்ந்து கொடுக்க முடியும் என்று கேளுங்கள்.

#3 நெல்லைக்கணக்கு

மேனிஃபோல்டு சொல்வது சரிதான், ஆனால் படுக்கையைச் சின்ன விஷயமாக்கிவிட வேண்டாம். மே 2021-இல் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதை நாடே பார்த்தது. உள்ளே அழுத்தம் குறைந்ததா கூடியதா என்பது உள்ளே போனவர்களின் பிரச்சினை. வாசலில் நின்றவர்களுக்குக் கட்டில்தான் பிரச்சினை. நூறு படுக்கை வருகிறது என்றால் நான் வரவேற்பேன்.

இன்னொன்று. ஆக்சிஜன் தட்டுப்பாடு நம் மாநிலத் தவறு மட்டுமல்ல. உச்சத்தில் நாட்டின் தேவை நாளுக்கு சுமார் 9,000 டன். தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு ஒதுக்கியது முதலில் 220 டன். கடிதத்துக்கு மேல் கடிதம் போய் மே இரண்டாம் வாரத்தில்தான் 419 டன் ஆனது. மே 14-ஆம் தேதி துர்காபூரிலிருந்து முதல் ஆக்சிஜன் ரயில் தண்டையார்பேட்டைக்கு வந்தது, 80 டன். இதையெல்லாம் ஒரு மருத்துவமனை கண்காணிப்பாளர் முன்கூட்டியே எப்படித் திட்டமிட முடியும்?

#4 மூலக்கடை

அந்த வரிசையில் என் சித்தப்பாவை வைத்துக்கொண்டு நாங்கள் நின்றோம். அதனால் இருவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது.

ஆம்புலன்ஸ் உள்ளேயே ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. இளம் டாக்டர் ஒருவர் வண்டி வண்டியாக ஏறி சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) பார்த்து எழுதிக்கொண்டு போனார். யாருக்கு உடனே வேண்டும், யார் காத்திருக்கலாம், யார் வீட்டுக்குப் போகலாம் என்று அங்கேயே பிரித்தார்கள். 94 இருந்தவர்களும் பயத்தில் வந்து நின்றிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் ஆக்சிமீட்டர் இல்லை, கேட்க ஆள் இல்லை. அப்புறம் மாநகராட்சி பரிசோதனை மையங்கள் திறந்து, கார்களையும் ஆம்புலன்ஸாக மாற்றிவிட்ட பிறகுதான் அந்த வரிசை குறைந்தது. கட்டில் அதே கட்டில்தான். வாசலுக்கு முன்னால் பிரித்து அனுப்பியதுதான் வித்தியாசம்.

ஒரு வண்டி ஐந்து மணி நேரம் வாசலில் நின்றால், அந்த ஐந்து மணி நேரம் வேறு தெருவில் கூப்பிடும் யாருக்கும் அந்த வண்டி இல்லை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#5 இரவுப்பணி

நான் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இரண்டு அலையிலும் கோவிட் ஐசியூவில் இருந்தேன். மருத்துவமனை பெயர் வேண்டாம்.

ஆள் கணக்கை யாரும் இங்கே போடவில்லை, நான் போடுகிறேன். வென்டிலேட்டர் படுக்கைக்கு ஒரு ஷிப்டுக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு. பத்துப் படுக்கை ஐசியூ என்றால் மூன்று ஷிப்டுக்கு முப்பது பேர், விடுப்புக்கான கூடுதலையும் சேர்த்தால் நாற்பது பேர். இது சாதாரண காலத்துக் கணக்கு.

பிபிஇ கிட்டுக்குள் எட்டு மணி நேரம் நிற்க முடியாது. தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறை போக முடியாது, மே மாத வெயிலில் கண்ணாடிக்குள் வியர்வை தேங்கி எதிரே இருப்பவர் முகம் தெரியாது. அதனால் ஆறு மணி நேர ஷிப்ட். அப்படியென்றால் நாளுக்கு நான்கு ஷிப்ட், நாற்பது பேர். 2020-இல் ஒரு வாரம் பணி, ஒரு வாரம் தனிமை. அப்படியென்றால் எண்பது பேர். அதே பத்துக் கட்டில்தான். ஒரு கட்டில்கூடக் கூடவில்லை, ஆனால் இரண்டு மடங்கு ஆள் வேண்டும். அந்த எண்பதிலும் தொற்று வந்து படுத்தவர்களைக் கழிக்க வேண்டும்.

எண்பது பேர் எங்கே இருந்தார்கள்? இரண்டாம் அலையில் தனிமை வாரத்தை எடுத்துவிட்டார்கள். வேறு வழியும் இருந்திருக்காது. ஆனாலும் ஒருவருக்கு ஒரு நோயாளி என்பது எங்கள் வார்டில் ஒரு நாளும் நடக்கவில்லை.

வார்டில் கை குறைந்தால் முதலில் விட்டுப்போவது எது தெரியுமா? ஊசி விட்டுப்போகாது, அது கேஸ் ஷீட்டில் இருக்கும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பது விட்டுப்போகும். வென்டிலேட்டரில் இருப்பவரைத் திருப்ப நான்கைந்து பேர் வேண்டும், ஒருவர் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாய் சுத்தம் செய்வது விட்டுப்போகும். மாஸ்க் நழுவியதை உடனே பார்ப்பது விட்டுப்போகும். கழிப்பறைக்குப் போக மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்து நடந்து, திரும்பி வரும் வழியிலேயே சாச்சுரேஷன் 60-க்கு இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்பான் வைக்க ஒரு ஆள் இருந்திருந்தால் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

#6 நெல்லைக்கணக்கு

> அதே பத்துக் கட்டில்தான். இரண்டு மடங்கு ஆள் வேண்டும்.

சிஸ்டர், இந்தக் கணக்கை நான் எங்கேயும் படித்ததில்லை. எழுதியதற்கு நன்றி.

ஆனால் ஒரு சந்தேகம். உச்சம் என்பது நான்கைந்து வாரம். அதற்காக எண்பது பேரை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் மற்ற வருடங்களில் சம்பளச் செலவை யார் தாங்குவது? தற்காலிகமாக எடுப்பதுதானே நியாயமான வழி? 2020-இல் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அப்படித்தானே எடுத்தார்கள்?

#7 முன்னாள்_பிஜி

தற்காலிக ஆள் என்ற இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரவில் கோவிட் வார்டை ஓட்டியது பெரும்பாலும் பிஜி (பட்ட மேற்படிப்பு) மாணவர்களும், எம்பிபிஎஸ் படிப்பின் கடைசியில் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்களும்தான். மயக்கவியல், பொது மருத்துவம் மட்டுமல்ல, தோல், எலும்பு, கண் என்று எல்லாத் துறை பிஜிக்களும் வார்டில் இருந்தோம்.

2021-இல் நடந்தது இது. மே 3 அன்று நீட் பிஜி தேர்வை நான்கு மாதமாவது தள்ளிவைப்பதாக அறிவித்தார்கள். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களைக் கோவிட் பணிக்குக் கொண்டுவரலாம் என்பது நோக்கம். நோக்கத்தைத் தவறு சொல்ல மாட்டேன். தேர்வு செப்டம்பரில் நடந்தது. பிறகு இடஒதுக்கீட்டு வழக்கால் கலந்தாய்வு நின்று, 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. பிஜி என்பது மூன்று வருடப் படிப்பு, மூன்று பேட்ச் எப்போதும் இருக்கும். முதலாண்டு பேட்ச் வராமல் மாதக்கணக்கில் இரண்டு பேட்ச் மட்டுமே நாடு முழுக்க மருத்துவமனைகளை இழுத்தோம். முதலாண்டுக்காரர்கள் செய்யும் வேலை எது? இரத்த மாதிரி எடுப்பது, வென்டிலேட்டர் அளவுகளை மணிக்கொரு முறை பார்ப்பது, உறவினரிடம் பேசுவது. வார்டு இதில்தான் நடக்கிறது.

நெல்லைக்கணக்கு சாருக்கு என் பதில்: தற்காலிகமாக எடுக்கலாம். ஆனால் வென்டிலேட்டரைத் தொட்டே பார்க்காத ஒருவரை அலை வந்த வாரத்தில் ஐசியூவில் விட்டால், அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். பயிற்சி முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். வார்டு நர்ஸ்களை வருடத்துக்குச் சில வாரம் சுழற்சியில் ஐசியூவுக்கு அனுப்பினாலே போதும், அதற்குப் புதிதாக ஒரு பணியிடம்கூட வேண்டாம்.

#8 மருந்துக்கிடங்கு

அரசு மருத்துவமனை மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பொருள் பக்கத்தைச் சொல்கிறேன்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கியது. நாங்கள் டிஎன்எம்எஸ்சி என்போம். மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் கொள்முதல், மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் எவ்வளவு மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று காட்டும் பாஸ்புக், வந்த மருந்தைப் பரிசோதனைக்கு அனுப்பித் தேறிய பிறகுதான் வெளியே விடுவது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்து நகல் எடுத்துப் போன முறை. அதில் வேலை பார்த்ததில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அந்த முறை போன ஆண்டு எவ்வளவு செலவானது என்பதை வைத்து இந்த ஆண்டு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடும் முறை. இரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபாரின் ஊசி ஒரு மாவட்டத்துக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். கோவிட் வார்டில் படுத்தவர்களில் பெரும்பாலானோருக்கும் அது தினமும் போகும். வருடக் கணக்கு வாரத்தில் முடிந்துவிடும். ஒப்பந்த விலையில் கொடுப்பதாகச் சொன்ன கம்பெனிக்கும் அதே வாரம் எல்லா மாநிலத்திலிருந்தும் ஆர்டர்.

கையுறை இன்னொரு கதை. உலகத்து ரப்பர் கையுறைகளில் பெரும்பகுதி அப்போது மலேசியாவில் தயாரானது. 2020 நவம்பரில் அங்கே தொழிலாளர்களிடையே தொற்று பரவி, மிகப் பெரிய தயாரிப்பாளரின் ஆலைகள் கட்டம் கட்டமாக மூடப்பட்டன. எங்கோ ஒரு தொழிலாளர் விடுதியில் நெருக்கமாகப் படுக்க வைத்ததன் விளைவு நம் ஊர் பிரசவ வார்டு வரை வந்தது. கோவிட்டுக்குச் சம்பந்தமே இல்லாத வார்டிலும் கையுறையை எண்ணி எண்ணிக் கொடுத்தோம்.

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். 2020 தொடக்கத்தில் முழு உடல் கவச உடை நம் நாட்டில் அநேகமாகத் தயாராகவே இல்லை. துணி தைக்க ஆள் இருந்தார்கள், தையல் துளை வழியே திரவம் புகாமல் ஒட்டும் டேப்பும் சூட்டில் ஒட்டும் இயந்திரமும் இல்லை. கோவையில் இருக்கும் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம்தான் செயற்கை இரத்தத்தை அழுத்தி ஊற்றித் துணி தாங்குகிறதா என்று சோதித்துச் சான்று கொடுத்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் கவச உடைக்கு மாறின. 2020 மே மாதத்துக்குள் நாட்டின் உற்பத்தி நாளுக்கு சுமார் 2 லட்சம் உடை. இது எப்படி முடிந்தது? தையல் தெரிந்த கை, சோதிக்கும் கூடம், துணி ஆலை மூன்றும் ஏற்கெனவே இங்கே இருந்தன. ஆக்சிஜன் டேங்கருக்கோ ஐசியூ நர்ஸுக்கோ அப்படி ஒரு அடித்தளம் இல்லை. மூன்று வாரத்தில் டேங்கர் வடிவமைக்க முடியாது. நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்களைச் சுத்தம் செய்து ஆக்சிஜனுக்கு மாற்றித்தான் சமாளித்தார்கள்.

#9 மூலக்கடை

மருந்துக்கிடங்கு ஐயா, கோவிட்டுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் ஊசி பற்றி நீங்கள் எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி கவுன்டரில் இரவெல்லாம் நின்றவன் நான். ஆறு குப்பி ஒன்பதாயிரத்துச் சொச்சம். வெளியே கள்ள விலையில் அதைப் போலப் பல மடங்கு. பிறகு நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் கூட்டம் தாங்காமல் சில நாளில் நிறுத்தி மருத்துவமனைகளுக்கே நேராகக் கொடுத்தார்கள். நோயாளியின் வீட்டாரே சீட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தில் போய் நிற்கும் ஏற்பாட்டை யார் யோசித்தார்கள் என்று இன்றும் கோபம் வருகிறது. நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டில் நோயாளியோடு இருந்தவர்கள்.

#10 முன்னாள்_பிஜி

உங்கள் கோபம் நியாயமானது. அதைவிட வருத்தமான விஷயம், அந்த மருந்து உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு அப்போது உறுதியான ஆதாரம் இல்லை. 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் மருத்துவமனையில் இருக்கும் கோவிட் நோயாளிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பல இடங்களில் நோயாளியின் வீட்டாரிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதி டாக்டருக்கும் கிடைத்தது. என் துறையைச் சேர்ந்தவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

உண்மையில் உயிரைக் காத்த மருந்து டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டின் ரெகவரி ஆய்வு சொன்னது: வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பில் மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருப்பவர்களின் இறப்பில் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. பல பத்தாண்டுகளாக ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட இருக்கும் மருந்து. சில ரூபாய்தான். அதற்கு ஒரு நாளும் வரிசை நிற்கவில்லை.

ஆனால் அதைக் கொடுத்தால் சர்க்கரை ஏறும். சர்க்கரையை நாளுக்குப் பலமுறை பார்த்து இன்சுலினை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மறுபடியும் நர்ஸ் வேண்டும். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் கருப்புப் பூஞ்சை வந்தது. பிறகு அதற்கான ஆம்போடெரிசின் ஊசிக்குத் தட்டுப்பாடு. ஒரு பற்றாக்குறை இன்னொன்றைப் பெற்றுப் போட்டது.

#11 காசநோய்ப்பணி

கோவிட் வார்டுக்கு வெளியே இருந்து ஒரு குரல். காசநோய்த் திட்டத்தில் களப்பணியாளர் நான். 2019-இல் நாடு முழுக்க சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020-இல் சுமார் 18 லட்சம். ஒரே வருடத்தில் நோய் அவ்வளவு குறையவில்லை, கண்டுபிடிக்கவில்லை. சளி பரிசோதிக்கும் கருவியும் லேப் டெக்னீசியனும் கோவிட் பரிசோதனைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கப் போனோம். இருமினால் கோவிட் என்று தூக்கிப்போய்விடுவார்கள் என்ற பயத்தில் இருமலை மறைத்தவர்கள் நிறைய.

டயாலிசிஸுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை வர வேண்டியவர்கள் பஸ் இல்லாமல் என்ன பாடுபட்டார்கள் என்பதும் எந்தத் தினசரி அறிக்கையிலும் வரவில்லை. கோவிட் சாவு மட்டும் எண்ணப்பட்டது.

#12 இரவுப்பணி

நெல்லைக்கணக்கு சார் கேட்டதற்கு இன்னும் நான் பதில் எழுதவில்லை.

சார், எண்பது பேரை நிரந்தரமாக வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. சாதாரண நாளைக்கு வேண்டிய நாற்பது பேரே கிடையாது. அங்கே இருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். குறைவான ஆளோடு எப்போதும் ஓடும் வார்டு, அலை வரும்போது எதை எடுத்து நீட்டும்?

2015-இல் எம்ஆர்பி தேர்வில் தேறி வந்த நர்ஸ்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடித்தான் அது வெளியே தெரிந்தது. கோவிட் சமயத்தில் எம்ஆர்பி மூலம் எடுத்தவர்களில் 2,400-க்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-உடன் பணி நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வென்டிலேட்டரும் எச்எஃப்என்சியும் கைப்பழக்கமானவர்கள். 2021-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான ஊக்கத்தொகையாக டாக்டர்களுக்கு 30,000, நர்ஸ்களுக்கு 20,000, தூய்மைப் பணியாளர் உள்ளிட்ட மற்றவர்களுக்கு 15,000 என்று அறிவித்தது நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயிற்சி பெற்ற கைகளை வைத்துக்கொள்வதுதான் அடுத்த அலைக்கான தயாரிப்பு. அடுத்த முறை அழைத்தால் அவர்கள் வருவார்களா? என்னோடு இருந்த சிலர் வெளிநாடு போய்விட்டார்கள்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் எழுதுவதில்லை. நம் அரசு மருத்துவமனைகளில் நோயாளி கூட ஒரு ஆள் இருப்பார். அம்மா, மனைவி, அண்ணன் மகன் என்று யாரோ. சாப்பாடு ஊட்டுவது, துடைப்பது, பெட்பான் எடுப்பது, குளுக்கோஸ் தீர்ந்தால் வந்து கூப்பிடுவது, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் அவர்கள்தான். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஊழியர்கள். அவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் நம் வார்டுகளின் ஆள் எண்ணிக்கையே அமைந்திருக்கிறது. கோவிட் வார்டில் அவர்களை வெளியே நிறுத்தினோம். அந்த வேலை அத்தனையும் ஒரே நாளில் எங்கள் கைக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் கைக்கும் வந்தது. எங்கள் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்தது. இரண்டாம் அலையில் பல இடங்களில் உறவினர்கள் சாதா மாஸ்க்கோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். விதிப்படி தவறு. ஆனால் அவர்களை வெளியே அனுப்பினால் அந்த நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்க யாரும் இல்லை என்று எங்களுக்கே தெரியும்.

பெருந்தொற்றுக்குத் திட்டம் போடுகிறவர்கள் நர்ஸ், டாக்டர் கணக்கோடு இந்த வேலைக்கும் ஆள் கணக்கு போட வேண்டும். ஆறு படுக்கைக்கு ஒரு உதவியாளர் இருந்தால்கூட எத்தனை பேர் மாஸ்க்கைக் கழற்றாமல் இருந்திருப்பார்கள்.

#13 நெல்லைக்கணக்கு

உறவினர் கணக்கு சரியான இடத்தில் அடிக்கிறது. என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது நாங்கள் மூன்று பேர் முறை வைத்து இருந்தோம். அதை ஊழியர் வேலை என்று யோசித்ததே இல்லை. பயிற்சி பெற்றவர்களைத் தக்கவைப்பதும் சுழற்சிப் பயிற்சியும் செலவு கணக்கிலும் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன்.

மேனிஃபோல்டுக்கு ஒரு கேள்வி. இப்போது பல அரசு மருத்துவமனைகளில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் பிஎஸ்ஏ இயந்திரம் நிற்கிறதே, அது போதாதா? டேங்கருக்குக் காத்திருக்க வேண்டாமே.

#14 மேனிஃபோல்டு

பிஎஸ்ஏ நல்ல ஏற்பாடு. பிஎம் கேர்ஸ் நிதியில் மட்டும் நாடு முழுக்க 1,200-க்கு மேல் நிறுவினார்கள். முதல் அலை தணிந்ததுமே மகாராஷ்டிராவின் நந்துர்பார் என்ற பழங்குடி மாவட்டத்தில் ஆட்சியர் ராஜேந்திர பாருட் இந்த இயந்திரங்களை வாங்கி வைத்தார். அவர் மருத்துவம் படித்தவர். 2021 ஏப்ரலில் பெரிய நகரங்கள் திணறியபோது அந்த மாவட்டத்தில் ஆக்சிஜன் இருந்தது. நந்துர்பார் பணக்கார மாவட்டமும் இல்லை.

ஆனால் அளவு தெரிந்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1,000 லிட்டர் இயந்திரம் என்றால் 10 லிட்டரில் நூறு பேர், எச்எஃப்என்சியில் என்றால் பதினாறு பேர். தூய்மை 93 சதவீதம் சுற்றி இருக்கும். கம்ப்ரசர் ஓட மின்சாரம் நிறைய வேண்டும், அதைத் தாங்கும் ஜெனரேட்டர் வேண்டும். வடிகட்டி மாற்ற வேண்டும், ஈரக்காற்று உள்ளே போனால், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் சியோலைட் கெட்டுவிடும். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு பராமரிப்பு ஒப்பந்தம் யார் பேரில், எந்தத் தலைப்பில் பணம் என்று தெளிவில்லாத இடங்களில் அது பூட்டிக் கிடக்கும். ஓட்டாமல் வைத்திருக்கும் இயந்திரம் அவசரத்துக்கு உடனே கிளம்பாது. வாரத்துக்கு ஒரு முறையாவது ஓட்டி, தூய்மை பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். எழுத ஒரு டெக்னீசியன் பணியிடம் வேண்டும். இரவில் அழுத்தம் இறங்கினால் அலாரம் அடிக்கும், அடித்தால் ஓடிப்போகும் ஆள் வேண்டும்.

2021 மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது என்று உறவினர்கள் சொன்னார்கள், அதுதான் காரணம் என்பதை நிர்வாகம் மறுத்தது. எது உண்மையாக இருந்தாலும், அன்று மணிவாரியாக அழுத்தம் எவ்வளவு என்று எழுதிய பதிவேட்டை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தால் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். எல்லா மருத்துவமனையும் அந்தப் பதிவேட்டைக் கட்டாயம் வைக்க வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

#15 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. புதுக் கட்டடம் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடப் போகிறேன். இதுவரை பேசியதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட கேள்விகள்: திரவ ஆக்சிஜன் தொட்டியின் கொள்ளளவு, வேப்பரைசரின் திறன், பைப்லைன் நிமிடத்துக்கு எத்தனை லிட்டருக்கு வடிவமைக்கப்பட்டது, பிஎஸ்ஏ கடைசியாக எப்போது ஓடியது, பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது வரை, அனுமதிக்கப்பட்ட நர்ஸ் பணியிடம் எத்தனை, இன்று நிரம்பியது எத்தனை, அதில் தொகுப்பூதியத்தில் எத்தனை பேர், ஐசியூ சுழற்சிப் பயிற்சி நடக்கிறதா, படுக்கைக்கு எத்தனை உதவியாளர். சிஸ்டர், மருந்துப் பக்கம் என்ன கேட்கலாம்?

#16 இரவுப்பணி

மருந்துக்கிடங்கு ஐயாதான் சரியாகச் சொல்வார். என் அனுபவத்தில் எனாக்சபாரின், என்95, கையுறை, இன்சுலின், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் இந்த ஐந்தும் எத்தனை நாளைக்குக் கையிருப்பு என்று கேளுங்கள். ஸ்ட்ரிப்பை மறந்துவிடாதீர்கள். நிரம்பாத பணியிடம் எத்தனை நாளாக நிரம்பவில்லை என்பதையும் தனியாகக் கேளுங்கள், எண்ணிக்கை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

#17 மருந்துக்கிடங்கு

சிஸ்டர் சொன்ன பட்டியலே போதும். "கையிருப்பு எத்தனை மாதம்" என்று கேட்டால் சாதாரண மாதக் கணக்கில் பதில் வரும். 2021 மே மாதம் அதே மருத்துவமனையில் ஒவ்வொன்றும் எவ்வளவு செலவானது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், இருப்புப் பதிவேட்டில் இருக்கும். அந்த வேகத்தில் இன்றைய கையிருப்பு எத்தனை நாள் வரும் என்பதை நீங்களே வகுத்துப் பார்க்கலாம்.

#18 மேனிஃபோல்டு

திரவத் தொட்டிக்கு, நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ என்ற ஒன்றிய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். கட்டடம் திறந்தும் உரிமம் வராமல் தொட்டி காலியாக நின்ற இடம் எனக்குத் தெரியும். உரிமத்தின் நகலையும், செல்லுபடியாகும் தேதியையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.